ஆடாத படகு

உப்பங்கழிக் கரையில் ஒரு படகுப் பட்டறை. அதை நடத்தும் பிலோமினா, சிஷ்யரை "சார்" என்று கூப்பிடுகிற குரு. என்ன செய்வது, சிஷ்யர் மாசிலாமணிக்கு அவரைவிட வயது கூடுதல். கட்டில், மேசை செய்து பேரெடுத்துவிட்டு, பாய்மரப் படகின்மேல் ஆசைப்பட்டு வந்து சேர்ந்தவர்.

தானே வரைந்து, தானே இழைத்து அவர் கட்டிய முதல் படகு அன்று தண்ணீரில் நின்றது. இருவர் உட்காரலாம், ஒரே ஒரு பாய். குரு சரியென்றால் அதன்மேல் மெழுகு தேய்த்து ஃபைபர் அச்சு எடுப்பார்கள். பிறகு அந்த அச்சிலிருந்து வருகிற ஒவ்வொரு படகும் மாசிலாமணியின் படகுதான். அந்த ஒரு சொல்லுக்காக மனிதர் காலையில் சாப்பிடக்கூட இல்லை.

படகு வாங்க வந்திருந்த தாவூத், பாய்மரப் பள்ளி நடத்துபவர்.

"புதுசா கத்துக்கிறவங்க ஏறுவாங்க. கவிழாதுல்ல?"

"கவிழவே கவிழாது பாய். நல்லா அகலமா வச்சிருக்கேன். நான் செஞ்ச கட்டில் ஒண்ணுகூட ஆடினதில்ல." மாசிலாமணி குருவின் பக்கம் திரும்பினார். "கவிழாத படகுதானே டீச்சர் நல்ல படகு?"

பிலோமினா படகில் ஏறிக்கொண்டார். "ஏறுங்க சார்" என்றார்.

ஆழமான இடம் வந்ததும் பிலோமினா பாய்மரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு விளிம்பில் ஏறி நின்று, முழு எடையையும் வெளியே சாய்த்தார். படகு முரண்டு பிடித்தது. மாசிலாமணிக்கு உச்சி குளிர்ந்தது. அடுத்து ஒரு காற்று வந்தது, அவ்வளவுதான். குருவும் சிஷ்யரும் தண்ணீரில் கிடந்தார்கள். படகு தலைகீழாக மிதந்தது.

"நிமிர்த்துங்க சார்."

படகின் அடியிலிருந்து மேலே நீட்டிக்கொண்டு நின்ற நடுப்பலகையை மாசிலாமணி பிடித்து இழுத்தார். அதன்மேல் ஏறி நின்று சாய்ந்தார். தொங்கியும் பார்த்தார். அந்த அகலமான படகு அசைவேனா என்றது.

"நல்லா செஞ்சிருக்கீங்க" என்றார் பிலோமினா, நீந்தியபடியே. "தலைகீழாவும் ஆடல."

கரையில் தாவூத் சிரித்துவிட்டார். மாசிலாமணிக்கு முகம் செத்துப்போனது. இன்னொரு படகு வந்துதான் இரண்டு பேரையும், அவருடைய படகையும் கரைக்கு இழுத்துப் போட்டது.

கொஞ்ச நாள் அவர் கட்டில் வேலைக்கே போய்விடலாமா என்றுகூட நினைத்தார். பிறகு அகலத்தைக் குறைத்து மறுபடி வரைந்தார், மறுபடி கட்டினார்.

மழைக்காலம் முடிந்து தாவூத் வந்தபோது, குரு வாய் திறக்கும் முன்பே சிஷ்யர் புதுப் படகைத் தனியாக ஆழத்துக்கு ஓட்டிப் போனார். விளிம்பில் ஏறி நின்றார். தானே அதைக் கவிழ்த்தார். கரையில் எல்லோரும் பதறி எழுந்தார்கள்.

நடுப்பலகையில் ஏறி, விளிம்பைப் பற்றிப் பின்னால் சாய்ந்தார். படகு மெல்லப் புரண்டது. பாயிலிருந்து தண்ணீர் கொட்ட, பாய்மரம் எழுந்து நின்றது. உள்ளே ஏறி உட்கார்ந்து, சொட்டச் சொட்டக் கரைக்கு ஓட்டி வந்தார். கல்யாண வீட்டுக் கட்டில்கள் எத்தனையோ செய்திருக்கிறார். நெஞ்சு இப்படி நிமிர்ந்ததில்லை.

தாவூத் விடவில்லை. "அப்ப இது கவிழும்?"

"நல்லாவே கவிழும் பாய்!" என்றார் மாசிலாமணி, ஊருக்கே கேட்கும்படி. "எத்தனை தடவை வேணும்னாலும் கவிழும்!"

பிலோமினா அந்த ஈர விளிம்பை ஒருமுறை தடவிப் பார்த்தார். பட்டறைப் பக்கம் திரும்பினார்.

"மெழுகு கொண்டாங்கப்பா. சார் படகுக்கு அச்சு எடுக்கணும்."