பொன்மூக்கனின் காதுக்கு வந்த கோளாறு

பொன்மூக்கன் என்ற இருவாச்சிப் பறவைக்கு அன்று காலையிலிருந்தே காடு முழுவதும் தன்னைப் பார்த்துச் சிரிப்பதாகத் தோன்றியது.

அவன் மனைவி செவ்வந்தி ஒரு நெட்டை மரத்தின் உச்சிப் பொந்துக்குள் இருந்தாள். இருவாச்சிகளின் வழக்கம் அப்படி. முட்டையிடும் காலம் வந்ததும் பெண் பறவை பொந்துக்குள் புகுந்துகொள்ளும். ஆண் கொண்டுவந்து தரும் மண்ணையும் தன் எச்சத்தையும் குழைத்து, உள்ளிருந்தபடியே வாசலைப் பூசி அடைத்துவிடும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு சந்து மட்டும் பாக்கி இருக்கும். உள்ளே போனதும் சிறகு இறகுகளையும் உதிர்த்துவிடும். அதன் பிறகு இரை கொண்டுவருவது ஆணின் பொறுப்பு. அவன் வராவிட்டால் உள்ளே இருப்பவர்கள் பட்டினிதான்.

முட்டை முட்டையாக இருந்த வரையில் பொன்மூக்கனுக்கு ஒரு குறையும் இல்லை. குஞ்சு பொரிந்தது, வந்தது வினை. அதற்கு உடம்பே வாய்தான் என்று சொல்லலாம். கொடுத்ததை விழுங்கிவிட்டு, கொடுக்காததற்காகக் கத்தும். அந்த நேரம் பார்த்து பக்கத்து அத்தி மரமும் பழம் ஓய்ந்துபோனது. பொன்மூக்கன் பள்ளத்தாக்கைத் தாண்டிப் போய், தொண்டைப் பை நிறையப் பழம் அடக்கிக்கொண்டு வருவான். அதில் ஒன்றைத் தான் விழுங்கினாலும் குஞ்சின் வாயிலிருந்து பிடுங்கியதாக ஆகிவிடும் என்று அவனுக்கு ஓர் எண்ணம். நல்ல எண்ணம்தான். ஆனால் நல்ல எண்ணத்தைத் தின்று வயிறு நிறையுமா? இராத்திரியில் குஞ்சு கத்துவதால் தூக்கமும் போயிற்று.

பசியும் தூக்கமின்மையும் சேர்ந்து அவன் காதுக்குள் ஏதோ செய்துவிட்டன. யார் எது பேசினாலும் சுருக்கென்று தைத்தது.

மந்திகள் இரண்டு பேன் பார்த்துக்கொண்டே சிரித்தன. தன்னைத்தான் சொல்லிச் சிரிக்கின்றன என்று பொன்மூக்கன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மரங்கொத்தி மரத்தைத் தட்டியது. வேண்டுமென்றே தலைவலியைக் கிளப்புகிறது என்று நினைத்தான். கடைசியில், "குட்ரூ, குட்ரூ" என்று கூவிக்கொண்டிருந்த குக்குறுவான் பறவையிடம் நேராகப் போய்ச் சண்டைக்கு நின்றான்.

"என்னைப் பார்த்ததும் ஏன்டா அப்படிச் சொல்றே?"

குக்குறுவான் திருதிருவென்று விழித்தது. "நான் பொறந்ததுலேருந்து இதைத்தானே சொல்றேன், அண்ணே! வேற எதுவும் எனக்குத் தெரியாதே!"

அதைக் கேட்டும் பொன்மூக்கனுக்குச் சமாதானம் ஆகவில்லை. இவனுக்கு வாய் நீளம் என்று முணுமுணுத்துக்கொண்டே பழம் தேடப் போனான். உண்மையில் அந்தக் காட்டிலேயே நீளமான வாய் அவனுடையதுதான்!

அன்று பழம் கிடைக்க வெகு நேரம் ஆனது. வெயில் உச்சிக்கு ஏறிய பிறகுதான் பொந்துக்கு வந்து சேர்ந்தான். சந்து வழியாக ஒவ்வொரு பழமாக நீட்டினான். முதல் பழங்களைக் குஞ்சுக்கு ஊட்டிவிட்டு, செவ்வந்தி உள்ளேயிருந்து கேட்டாள்.

"இவ்வளவு நேரமா?"

அவ்வளவுதான் அவள் கேட்டது. பொன்மூக்கனின் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. ஊர் சுற்றிவிட்டு வருகிறாயா, சோம்பேறி, உன்னை நம்பி உள்ளே வந்தேன் பார் என்றெல்லாம் அவள் சொன்னதாகவே அவன் கேட்டான். அழுகை வரும்போல் இருந்தது. அழுகைக்குப் பதிலாகக் கோபம் வந்தது.

"நாளையிலேருந்து நீயே போய்க் கொண்டுவா! அப்பத் தெரியும்!"

மிச்சப் பழங்களை மரத்தடியில் உமிழ்ந்துவிட்டு விருட்டென்று பறந்தான். கீழே மேய்ந்துகொண்டிருந்த சருகுமான் ஒன்று, இன்றைக்கு யார் முகத்தில் விழித்தோமோ என்று மகிழ்ந்து அத்தனையையும் தின்று தீர்த்தது.

பறந்து பறந்து எதிர் மலைச் சரிவுக்குப் போன பொன்மூக்கன், கண்ணில் பட்ட முதல் மரத்தில் உட்கார்ந்து உம்மென்று இருந்தான். அது ஓர் இத்தி மரம். கொத்துக் கொத்தாகப் பழுத்து நின்றது. பழம் அவன் தோளில் இடித்தது. அவன் அதைப் பார்க்கவே இல்லை.

அந்த மரத்தில் சடைவாலி என்ற மலையணில் குடியிருந்தாள். பழுத்த மரத்தில் உட்கார்ந்துகொண்டு பசியில் கண் இருண்டு போயிருக்கும் பிராணியை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. என்ன விஷயம் என்று கேட்டாள். அவன் மடமடவென்று கொட்ட ஆரம்பித்தான். நடுவில் அவள், "காலையில என்ன சாப்பிட்டீங்க, அண்ணே?" என்றாள்.

"நீயும் கேலி பண்றியா?" என்று சீறினான் பொன்மூக்கன்.

சடைவாலி கெட்டிக்காரி. சாப்பிடு என்று சொன்னால் அதற்கும் ஒரு சண்டை வரும் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. "உங்க பக்கம் நியாயம் நிறைய இருக்கும்போல. ஒண்ணொண்ணா சொல்லுங்க, கேக்கறேன்" என்றபடி ஒரு பழத்தைப் பறித்து அவன் பக்கம் வீசினாள். எறிந்ததைக் கவ்வுவது இருவாச்சிக்குப் பழக்கம். யோசிக்காமல் கவ்வி விழுங்கினான்.

மந்திகளின் அக்கிரமத்தைச் சொன்னான். ஒரு பழம் வந்தது. மரங்கொத்தியின் திமிரைச் சொன்னான். இன்னொன்று வந்தது. சொல்லச் சொல்லப் பழம் வந்துகொண்டே இருந்தது. குக்குறுவானிடம் வந்தபோது அவனுக்கே சற்று வெட்கமாகிவிட்டது. "அவன் என்னவோ குட்ரூன்னான். அதைத்தான் அவன் எப்பவும் சொல்வான்னு வெச்சுக்கோ" என்று இழுத்தான். அதற்கும் பழம் வந்தது.

"இதெல்லாம்கூடப் போகட்டும். என் வீட்டுக்காரி சொன்னா பாரு ஒரு வார்த்தை..." என்று தொடங்கியவனுக்கு வயிறு நிறைந்த சுகத்தில் கண் சொக்கியது. அப்படியே தூங்கிவிட்டான். சடைவாலி சத்தம் போடாமல் பக்கத்தில் பழம் தின்றுகொண்டிருந்தாள்.

அவன் விழித்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. உடம்பு லேசாக இருந்தது. மரம் முழுக்கப் பழம் இருப்பதை அப்போதுதான் கண்டு வாயைப் பிளந்தான்.

"வீட்டுக்காரி என்ன சொன்னாங்கன்னு சொல்லவே இல்லையே" என்றாள் சடைவாலி.

"இவ்வளவு நேரமான்னு கேட்டா."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

சொன்ன பிறகு பொன்மூக்கனுக்குச் செவ்வந்தியின் குரல் காதில் கேட்டது. அந்தக் குரல் நடுங்கியிருந்தது. காலையில் பொந்துக்கு மேலே ஒரு கழுகு வட்டமடித்ததை அவனே பார்த்திருந்தான். சந்து வழியாக அவளும் அதைப் பார்த்திருப்பாள். அது அவனை அடித்துவிட்டதோ என்று பயந்து, உள்ளே அடைபட்டபடி அவள் காத்துக் கிடந்திருக்கிறாள். அவளிடம் போய், நீயே கொண்டுவா என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான். சிறகில் இறகே இல்லாதவளிடம்!

அவன் அவசர அவசரமாகத் தொண்டைப் பையை நிரப்பிக்கொண்டு பறந்தான்.

மரத்தை நெருங்கியதும் அவனுக்கு உயிரே போய்விட்டது. பொந்தின் பூச்சு பாதி பெயர்ந்து கிடந்தது. செவ்வந்தி தலையும் கழுத்தும் வெளியே வந்த நிலையில், மிச்சத்தையும் அலகால் இடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும்தானே பசி, அவளுக்கும்தானே தூக்கமில்லை! கோபத்தில் அவன் உளறியதை அவள் அப்படியே எடுத்துக்கொண்டுவிட்டாள். இரண்டு கிளை கீழே ஒரு மரநாய், நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு, சுவர் முழுவதும் விழட்டும் என்று பொறுமையாகக் காத்திருந்தது.

பொன்மூக்கன் சிறகை விரித்துப் பேரிரைச்சலோடு மரநாயின் மேல் பாய்ந்தான். முதுகில் விழுந்த அலகடியில் அது பொத்தென்று புதரில் விழுந்து, எழுந்து, ஓட்டம் பிடித்தது.

"வந்துட்டீங்களா? நான்தான் போகப்போறேனே. வழியை விடுங்க" என்றாள் செவ்வந்தி. அவள் கண்ணில் நீர் தளும்பியது.

காலையில் இந்தப் பேச்சைக் கேட்டிருந்தால் பொன்மூக்கன் அடுத்த மலைக்கே போயிருப்பான். இப்போது அவன் அவள் அருகில் போய் உட்கார்ந்தான். ஒரு பழத்தை எடுத்து அவள் வாயில் வைத்தான். மென்றபடியே அவள் அவனைத் திட்டினாள். பொறுப்பில்லாதவன் என்றாள், பழம் விழுங்கினாள், கல்நெஞ்சன் என்றாள், இன்னொன்று விழுங்கினாள். குஞ்சுக்கும் கொடுத்தாள். பழம் தொடர்ந்து வந்தது, திட்டுதான் குறைந்துகொண்டே போயிற்று.

"சொன்னது தப்பு. பசியில புத்தி கெட்டுப்போச்சு" என்றான் பொன்மூக்கன்.

"நீங்க சாப்பிடாமத்தான் இத்தனை நாளும் கொண்டுவந்தீங்களா?" என்று கேட்டாள் அவள். இந்தத் தடவை அவன் காதில் அவள் கேட்டது மட்டுமே விழுந்தது.

இருட்டுவதற்குள் அவன் ஓடைக்கரையிலிருந்து ஈரமண் கொண்டுவந்தான். அவள் உள்ளிருந்தபடி சுவரைப் பூசினாள். குஞ்சு வயிறு முட்டி, அன்றுதான் முதல்முறையாகக் கத்தாமல் தூங்கியது.

உடம்பு களைத்து மனம் தளர்ந்திருக்கும்போது சாதாரணச் சொல்லும் சுடத்தான் செய்யும். ஆகவே சண்டைக்குப் போகும் முன் வயிறாரச் சாப்பிட்டு, சற்று இளைப்பாறி, எதிரில் இருப்பவர் உண்மையில் என்ன சொன்னார் என்று மறுபடி ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.