மூட்டையில் ஏறிய தொன்னைகள்

ஒரு காட்டில் யாருக்கும் சொந்த வீடு கிடையாது. சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான் சொல்கிறேன். அங்கே ஏழு குகைகள் இருந்தன. எந்தக் குகைக்குப் பக்கத்தில் பழம் பழுத்திருக்கிறதோ, அங்கே போய் எல்லாரும் தங்குவார்கள். பழம் தீர்ந்ததும் அடுத்த குகை. இன்றைக்கு நாவல் குகை என்றால், நாலு நாள் கழித்து இலந்தைக் குகை.

அப்படியென்றால் சாமான்களை என்ன செய்வார்கள் என்றுதானே கேட்கிறீர்கள்? அதற்கும் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு கோரைப்பாய் உண்டு. சாமான் எல்லாம் பாயின்மேல்தான் இருக்க வேண்டும். குகை மாறும் நாளில் எருமை வீராயி வருவாள். பாயின்மேல் என்ன இருக்கிறதோ அதை அப்படியே சேர்த்துக் கட்டி முதுகில் ஏற்றுவாள். புதுக் குகையில் கொண்டுபோய் விரித்து வைப்பாள். பழைய குகையில் எப்படி இருந்ததோ, புதுக் குகையிலும் அப்படியே இருக்கும். ஒரு கூழாங்கல்கூட இடம் மாறியிருக்காது.

வீராயி மூட்டைக்குள் எட்டிப் பார்க்க மாட்டாள். அடுத்தவர் மூட்டையைக் கிளறக் கூடாது என்பது அந்தக் காட்டின் சட்டம். நல்ல சட்டம்தான். ஆனால் அதிலும் ஒரு சிக்கல் இருந்தது.

அந்தக் காட்டில் செங்கமலம் என்று ஒரு முள்ளம்பன்றி இருந்தாள். அவளிடம் எதைக் காட்டி "இது எதற்கு?" என்று கேட்டாலும், "இருக்கட்டுமே, எதற்காவது உதவும்" என்பாள். உடைந்த சிப்பியா? இருக்கட்டுமே. காய்ந்த சருகா? இருக்கட்டுமே. அவளுக்கு ஒரே ஒரு குட்டி. அதற்கு ஓர் உபாதை. குகை மாறும் நாளில், நடந்த அலுப்பில், இழுப்பு வந்துவிடும். மூச்சு வாங்கும். உதடு நீலம் பாரிக்கும். அப்போது ஒரு வேரைக் கல்லில் உரைத்து நாக்கில் தடவ வேண்டும். உடனே தடவ வேண்டும். தாமதமானால் குட்டி பிழைக்காது. அந்த வேர் காடு முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. செங்கமலத்திடம் இருந்தது சுண்டுவிரல் நீளத்தில் ஒரே ஒரு துண்டு. உடம்பெல்லாம் முள்ளாக இருப்பவள் அதை எங்கே முடிந்துகொள்வாள்? பாயில்தான் வைத்திருந்தாள்.

ஆக, மூட்டை நேரத்துக்கு வந்தால்தான் குட்டிக்கு உயிர்.

ஒருநாள் எல்லாரும் நாவல் குகையிலிருந்து விளாங் குகைக்கு மாறினார்கள். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. வீராயியைக் காணோம். குட்டிக்கு இழுப்பு தொடங்கிவிட்டது.

"ஐயோ, என் மூட்டை எங்கே? அடியே வீராயி, எங்கே போய்த் தொலைந்தாய்?" என்று செங்கமலம் வாசலுக்கும் உள்ளுக்குமாக ஓடினாள்.

வீராயி ஓடையில் மாட்டிக்கொண்டிருந்தாள். முதுகில் மலைபோலச் சுமை. கால் நாலும் சேற்றில் புதைந்துவிட்டன. எப்படியோ முக்கி முனகி வந்து சேர்ந்தாள். செங்கமலம் மூட்டைக்குள் பாய்ந்து வேரை எடுத்து உரைத்தாள். குட்டி கண் திறந்தது. இன்னும் கொஞ்ச நேரம் ஆகியிருந்தால் அவ்வளவுதான்.

எல்லாரும் வீராயியைப் பிடித்து ஏசினார்கள். "தின்று தின்று கொழுத்துப் போனாய்! முன்பெல்லாம் இரண்டு நாழிகையில் வருவாயே?"  எருமைமேல் மழை பெய்தது மாதிரி நின்றாள் வீராயி.

கீரி பொன்னுரங்கம் மட்டும் அவளைச் சுற்றிச் சுற்றி வந்தான். அவனுக்கு எதைப் பார்த்தாலும் ஒரு "ஏன்" கேட்காவிட்டால் தூக்கம் வராது.

"வீராயி அக்கா, மூட்டை ஏன் இவ்வளவு கனம்? செங்கமலம் அக்காவுக்கு இருப்பது நாலு சாமான்தானே?"

வீராயி வாயைத் திறப்பதற்குள் நரி அம்பலவாணன் குறுக்கே புகுந்தான். அவன் எதிலும் அவசரக்காரன். போதாததற்குப் பேர் வாங்க வேண்டும் என்ற ஆசை வேறு.

"கேள்வி கேட்டுக்கொண்டு நிற்கிற நேரமா இது? பாருங்கள்!" என்று, செங்கமலம் திறந்து போட்டிருந்த மூட்டையை விரித்துக் காட்டினான்.

எல்லாருக்கும் கண் பிதுங்கியது. பாய் முழுக்கத் தொன்னைகள். இலையை மடித்து ஈர்க்கு குத்திய குட்டிக் குட்டித் தொன்னைகள். ஒன்றில் நார்த் துணுக்கு. இன்னொன்றில் கொட்டை ஓடு. வேறொன்றில் காய்ந்த மண். நூறா, ஆயிரமா, எண்ணி மாளவில்லை. மற்றவர்களும் தங்கள் தங்கள் மூட்டையை அவிழ்த்தார்கள். முயல் மூட்டையிலும் அதே கதை. மான் மூட்டையிலும் அதே கதை.

"இதெல்லாம் என்னுடையது இல்லையே! யாரோ வைத்தது என்று விட்டுவிட்டேன்!" என்றது மான்.

"அட, நானும் வைக்கவில்லையே!" என்றது முயல்.

"யாருடையதாக இருந்தால் என்ன? குப்பை குப்பைதான். அதை எடுக்கச் சட்டம் குறுக்கே நிற்காது. நீங்கள் எல்லாரும் போய்ச் சாப்பிடுங்கள். திரும்பி வரும்போது அத்தனை மூட்டையும் பூப்போல இருக்கும். இந்த அம்பலவாணன் பொறுப்பு!" என்று நரி மார் தட்டினான்.

"இருக்கட்டுமே, எதற்காவது..." என்று செங்கமலம் இழுத்தாள்.

"உன்னுடைய 'இருக்கட்டுமே'யால்தான் இன்றைக்குக் குட்டி போயிருக்கும்!" என்று எல்லாரும் அவள் வாயை அடைத்தார்கள். அவளும் குட்டிக்குப் பழம் தேடப் போய்விட்டாள்.

அம்பலவாணன் தொன்னை என்று கண்ணில் பட்டதையெல்லாம் வாரினான். ஒன்றையும் பிரித்துப் பார்க்கவில்லை. பள்ளத்தில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வாலை ஆட்டிக்கொண்டு வந்தான். மூட்டைகள் பஞ்சாகிவிட்டன. காடே அவனைத் தலைமேல் தூக்கி வைத்துக் கொண்டாடியது. "மூளை என்றால் நரிக்குத்தான்!" என்று முயல் இரண்டு தடவை சொல்லியது.

மறுநாள் காலையில் பொன்னுரங்கம் செங்கமலத்தின் பாயை எட்டிப் பார்த்தான். மூலையில் ஒரு புதுத் தொன்னை இருந்தது. மாலையில் பார்த்தால் மூன்று. அதற்கடுத்த நாள் ஏழு.

"நரி அண்ணே, தொன்னைகள் திரும்ப வருகின்றன. ஏன்?"

"வந்தால் திரும்பவும் கொட்டுவேன். அதைவிட எனக்கு என்ன வேலை? கரும்பு தின்னக் கூலியா? ஊரே கைதட்டுகிறது!"

"ஆனால் எங்கிருந்து வருகிறது?"

"குப்பைக்கு ஆராய்ச்சி பண்ணுகிற முதல் கீரியை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்" என்று நரி சிரித்துவிட்டுப் போனான்.

பொன்னுரங்கம் விடுவானா? அடுத்த நாள் பொழுது விடிந்ததிலிருந்து ஒரு பாறைக்குப் பின்னால் பதுங்கி உட்கார்ந்துகொண்டான்.

முதலில் ஒரு தூக்கணாங்குருவி வந்தாள். செங்கமலத்தின் பாயில் ஓர் ஓட்டை. அதைத் தைத்துக் கொடுப்பது அவள் வேலை. ஓர் இலையை மடித்துத் தொன்னை ஆக்கினாள். நாரை அதில் போட்டுக்கொண்டாள். தைத்தாள். தைத்து முடித்ததும் பறக்கப் பார்த்தாள்.

"ஏ அக்கா, நில்லு நில்லு! தொன்னையை விட்டுவிட்டுப் போகிறாயே?" என்று பொன்னுரங்கம் குதித்து வந்தான்.

குருவி திடுக்கிட்டாள். "அடச்சே, பயந்தே போய்விட்டேன்! அது வேலை நடக்கும்போது நார் வைக்கத்தான். வேலை முடிந்துவிட்டதே, இனி அது எதற்கு?"

"அப்படியென்றால் எடுத்துக்கொண்டு போகலாமே?"

"போகலாம். ஆனால் பசிக்கிறதே."

"சரி, நாளைக்கு வரும்போது இதே தொன்னையை எடுத்துக்கொள்வாயா?"

"அதை யார் தேடிக்கொண்டு இருப்பார்கள்? புதிதாக ஒன்று மடிப்பது சுலபம்."

"ஏன் பாயின்மேல் வைக்கிறாய்?"

"குகைத் தரை ஈரம், தம்பி. வேறே எங்கே வைப்பது? நீயே ஓர் இடம் காட்டு!"

பொன்னுரங்கம் தரையைத் தொட்டுப் பார்த்தான். அவள் சொன்னது உண்மை. குகையில் வேறு காய்ந்த இடமே இல்லை. பிறகு கொட்டை உடைக்க மரங்கொத்தி வந்தான். அவனும் அகலமான தேக்கிலையில் ஒரு தொன்னை மடித்து வைத்தான். தரை கூட்ட எறும்புகள் வந்தன. அவையும் ஒரு தொன்னை வைத்தன. ஒருத்தர்கூடக் கெட்டவர் இல்லை. எல்லாரும் உதவி செய்ய வந்தவர்கள். உதவி முடிந்தது, தொன்னை மறந்தது. வீராயி அதையும் சேர்த்துக் கட்டினாள். அவ்வளவுதான் சங்கதி.

"அப்படியானால் பள்ளத்தில் கொட்டிய தொன்னைகளும் இவர்களுடையதுதானா?" பொன்னுரங்கத்துக்கு அதையும் பார்த்தாக வேண்டும். மறுநாள் விடிந்ததும் பள்ளத்தில் இறங்கி ஒவ்வொன்றாகப் பிரித்தான். நார். ஓடு. மண். நார். ஓடு. பிறகு ஒரு மரங்கொத்தித் தொன்னை. அதற்குள் ஓடு இல்லை. சுள்ளி மாதிரி ஏதோ ஒன்று இருந்தது. முகர்ந்தான். காரமாக மணத்தது.

"இது குப்பை இல்லையே! யாருடையது?" என்று அதைக் கவ்விக்கொண்டு காடு முழுக்க ஓடினான். முயலைக் கேட்டான். தெரியாது. மானைக் கேட்டான். தெரியாது. "உனக்கு வேறு பிழைப்பே இல்லையா?" என்று உடும்பு விரட்டியது.

அன்றைக்குத்தான் குகை மாறும் நாள். விளாங் குகையிலிருந்து இலந்தைக் குகைக்கு வீராயி விறுவிறுவென்று வந்துவிட்டாள். அம்பலவாணன் வாசலில் நின்று, "பார்த்தீர்களா என் கைவண்ணத்தை?" என்று மீசையை நீவிக்கொண்டான்.

உள்ளே குட்டிக்கு இழுப்பு வந்துவிட்டது.

செங்கமலம் பதறவில்லை. மூட்டைதான் வந்துவிட்டதே! அவிழ்த்தாள். வேர் இல்லை. பாயை உதறினாள். வேர் இல்லை. 

"என் வேர்! அன்றைக்கு உரைத்த பதற்றத்தில் மரங்கொத்தித் தொன்னை ஒன்றில் போட்டுவிட்டு மறந்தே போனேனே! எங்கே?"

நரியின் வால் மெல்லத் தொங்கியது. "தொன்னையா? அது... எல்லாத் தொன்னையும்... பள்ளத்தில்..."

"பாவி! என் குட்டி உயிரையா கொட்டினாய்?"

குட்டியின் உதடு நீலமாகிவிட்டது. செங்கமலம் அதை அணைக்கவும் முடியாமல், விடவும் முடியாமல், முள்ளெல்லாம் சிலிர்த்து அலறினாள். பள்ளத்துக்குப் போய்த் தேடி வர அரை நாள் ஆகும். நரி நாலு அடி ஓடினான், திரும்பி வந்தான், மறுபடி ஓடினான். யாருக்கும் கை கால் ஓடவில்லை.

அந்த நேரத்தில் வாசலில் ஒரு குரல் கேட்டது.

"செங்கமலம் அக்கா, உன்னை மட்டும்தான் இன்னும் கேட்கவில்லை. இந்தச் சுள்ளி யாருடையது என்று உனக்குத் தெரியுமா?"

அடுத்து நடந்ததை நான் சொல்லவும் வேண்டுமா? பிடுங்கினாள், உரைத்தாள், தடவினாள். குட்டி ஒரு முறை விக்கியது. பிறகு நீளமாக ஒரு மூச்சு இழுத்தது. செங்கமலம் பொன்னுரங்கத்தைக் கட்டிப்பிடித்து அழுதாள். முள் குத்தியதை அவன் வெளியே சொல்லவில்லை.

அழுகை அடங்கியதும் அவனுக்குப் பழைய குணம் வந்துவிட்டது. "ஏன் அக்கா, இவ்வளவு பெரிய பொருளை ஏன் மரங்கொத்தியின் பழைய தொன்னையில் போட்டாய்?"

"கைக்கு அது அகப்பட்டது, தம்பி. இருக்கட்டுமே என்று..." சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். வெட்கமாகப் போய்விட்டது.

பொன்னுரங்கம் வீராயியிடம் திரும்பினான். "அக்கா, அன்றைக்குக் கேட்டேன், நீ பதில் சொல்லவில்லை. உனக்கு இது முன்னமே தெரியுமா?"

வீராயி அசை போடுவதை நிறுத்தினாள். "தெரியும். ஒவ்வொரு தடவையும் மூட்டை ஒரு பிடி கூடும். எட்டு வருஷமாகச் சுமக்கிறேன். 'ஏன் தாமதம்?' என்று எல்லாரும் கேட்டார்கள். 'ஏன் கனம்?' என்று நீ ஒருத்தன்தான் கேட்டாய். அதற்கும் அம்பலவாணன் பதில் சொல்லிவிட்டான்."



அன்றே மரங்கொத்தியைக் கூப்பிட்டார்கள். ஏழு குகைகளிலும் சுவரோரம் ஒரு மரக்கட்டை நட்டு, அதில் ஆளுக்கொரு மாடம் குடையச் சொன்னார்கள். நல்ல காய்ந்த மாடம். உதவிக்கு வருகிறவர்கள் தொன்னையை அங்கேதான் வைக்க வேண்டும். மாடத்தில் இருப்பது மூட்டையில் ஏறாது. குகையை விட்டுக் கிளம்பும்போது அது அங்கேயே தங்கிவிடும். பாயின்மேல் சொந்தக்காரர் தன் கையால் வைத்தது மட்டும் பயணம் போகும். சந்தேகம் இருந்தால் சொந்தக்காரரைக் கேட்காமல் எதையும் தொடக் கூடாது. மாடங்களைத் தட்டிச் சுத்தம் செய்யும் வேலையை நரிக்குக் கொடுத்தார்கள். அவனும் இப்போது ஒவ்வொரு தொன்னையையும் பிரித்துப் பார்த்து, முகர்ந்து பார்த்து, "இது யாருடையது?" என்று நாலு பேரைக் கேட்டுவிட்டுத்தான் கொட்டுகிறான். பேர் வாங்குகிற வேலை இல்லை அது. முனகிக்கொண்டேதான் செய்கிறான்.

செங்கமலம் ஒரு பனங்குருத்துப் பெட்டி முடைந்து, வேரை அதில் வைத்து, பாயின் நட்ட நடுவில் வைத்தாள்.

அடுத்த முறை குகை மாறிய அன்று குட்டிக்குப் பாதி வழியிலேயே இழுப்பு வந்துவிட்டது. மூட்டையோ பின்னால் வந்துகொண்டிருந்தது. "வீராயீ!" என்று ஒரே ஒரு சத்தம் போட்டாள் செங்கமலம்.

எருமை ஓடி நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? அந்தக் காட்டில் அன்றைக்கு எல்லாரும் பார்த்தார்கள்.

நீதி: குப்பை எப்படி வருகிறது என்று கேளாமல் கொட்டுகிறவன், குப்பையோடு பொருளையும் கொட்டுவான்.