நாற்பது வெட்டுக்கிளிகள்

"அம்மா, வெட்டுக்கிளி வந்துருச்சுங்க. மடத்தையே காலி பண்ணிப்போடும்" என்றபடி சமையற்கட்டிலிருந்து வந்தார் தெய்வசிகாமணி.

மடத்துக்குச் சோறாக்குகிறவர் அவர். அறுபது வயது. அவருடைய குரு பொன்னாத்தாவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. அதில் அவருக்கு ஒரு வருத்தமும் கிடையாது, அரிசி மூட்டையில் யாரும் கை வைக்காதவரை.

கீரை ஆய்ந்துகொண்டிருந்த பொன்னாத்தா ஆசையாக எழுந்தார்.

"நெசமாவாண்ணா? நான் பார்த்ததே இல்லையே. எத்தனை?"

"நாப்பதுங்க."

"அவ்வளவுதானா? வானத்தையே மறைக்கும்னு சொல்வாங்க. எந்தப் பக்கமா பறந்து வந்துச்சு?"

"நடந்துதானுங்க வந்துச்சு. கடலைக்காய் புடுங்க வந்த ஆளுக. மழையில வேலை நின்னுபோச்சு. மூணு நாளா இங்கதான் சாப்பாடு."

"மனுசங்களா?" பொன்னாத்தாவின் முகம் வாடிவிட்டது. "அப்புறம் ஏன் வெட்டுக்கிளின்னீங்க?"

"பேச்சுக்குச் சொன்னனுங்க."

எங்கள் பக்கம் அப்படித்தான். வெட்டுக்கிளி வயலில் இறங்கினால் பூச்சி. பந்தியில் இறங்கினால் அழைக்காத விருந்தாளி.

"எட்டு நாள்ல குருபூசைங்கம்மா. பதினோரு வருசமா இந்த வாசல்ல ஒருத்தரும் பசியோட திரும்புனதில்லை. இவங்களுக்கே ஆக்கிப்போட்டா இந்த வருசம் பூசைக்கு அரிசி பத்தாதுங்க. கேட்டைச் சாத்திர்றனுங்க."

சாத்த அவருக்கே மனமில்லை. பாவம், நல்ல மனிதர்தான்.

பொன்னாத்தா கொஞ்சம் யோசித்தார்.

"வெட்டுக்கிளி வந்தா உங்க ஊர்ல கேட்டைத்தான் சாத்துவீங்களா?"

"கேட்டைச் சாத்துனா அது நிக்குங்களா? தட்டத்தைத் தட்டோணுங்க. சத்தம் கேட்டா பறந்துரும்."

"அப்பப் போய்த் தட்டுங்க."

குரு சொன்னால் மறுபேச்சு பேசாதவர் அவர். ஆணியில் தொங்கிய பித்தளைத் தட்டத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். தினமும் சோற்றுக்குக் கூப்பிடத் தட்டுகிற அதே தட்டம். ஆத்திரத்தில் அது மறந்துபோனது. பலங்கொண்ட மட்டும் தட்டினார்.

எதிரே தகரக் கொட்டகையில் ஒதுங்கியிருந்த கூட்டம் எழுந்தது.

ஓடவும் செய்தது, அவரை நோக்கி.

குழாயில் கை கழுவிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்தார்கள். இடுப்பில் பிள்ளையோடு வந்த ஒருத்தி அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"இன்னைக்கு நேரத்தோட கூப்புட்டீங்களேண்ணா. தட்டுற சத்தம் எப்ப வரும், எப்ப வரும்னு காலையிலருந்து புள்ள கேட்டுக்கிட்டே இருந்துச்சு."

பிள்ளை தட்டத்தைப் பார்த்தது. பிறகு அவரைப் பார்த்தது.

சிகாமணிக்குக் கூசிப்போனது. தட்டத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.

பின்னாலிருந்து பொன்னாத்தா எட்டிப் பார்த்தார். கேலியில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளும் ஆவல்தான்.

"போயிருச்சாண்ணா, வெட்டுக்கிளி?"

"போயிருச்சுங்க. நாப்பது எலை போடோணும், கொஞ்சம் நகருங்கம்மா."