பொறிவண்டு பேச்சை விட்ட கதை

அந்தக் காலத்தில் மனிதரோடு பூச்சிகளும் பேசிக்கொண்டிருந்தன. எல்லாப் பூச்சியும் அல்ல, வளர்ந்து முடிந்தவை மட்டும். புழுவாகவும் குஞ்சாகவும் இருக்கும் பருவத்தில் எந்நேரமும் வாயில் இரை இருக்கும்; அதனால் பேச்சு வராது. செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சி மட்டும் வளர்ந்த பிறகும் பேசியதில்லை. இலைக்குள் குத்திய வாயை வெளியே எடுக்க அதற்கு மனம் வந்ததே இல்லை.

நொய்யல் ஆற்றுக்கு வடக்கே ஒரு ஊரில் நாச்சாள் என்று ஒருத்தி இருந்தாள். இரண்டு வருஷம் மழை பொய்த்து, ஊரில் பருத்தி விதை எல்லாம் தீர்ந்து, கடைசியில் ஒரே ஒரு கலயம் விதைதான் மிஞ்சியது. அதை யார் புன்செய்க் காட்டில் ஊன்றுவது என்று ஊர் கூடிப் பேசியபோது, ஒருவர் விடாமல் நாச்சாள் பேரைத்தான் சொன்னார்கள். அவள் களை எடுத்தால் மறுபடி ஒருவர் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. புருஷன் மாடுகளை ஓட்டிக்கொண்டு மேய்ச்சல் தேடி மலைப்பக்கம் போயிருந்தான். துணைக்குக் கொழுந்தன் செம்மலை இருந்தான்.

"இந்தக் காடு போச்சுன்னா இந்த ஊருக்கு இனி நூலும் இல்ல, துணியும் இல்ல நாச்சா" என்று சொல்லித்தான் ஊர்க்காரர்கள் கலயத்தை அவள் கையில் கொடுத்தார்கள்.

மழை வந்தது. செடி முழங்கால் உயரம் வந்தது. பிறகு ஒரு நாள் காலையில் நாச்சாள் பார்க்கிறாள், கொழுந்து இலை எல்லாம் சுருண்டு கிடக்கிறது. தொட்டால் பாகு மாதிரி பிசுபிசுக்கிறது. இலைக்கு அடியில் பச்சையும் கறுப்புமாக அசுவினி அப்பியிருந்தது. தண்டின் மேல் எறும்பு சாரை சாரையாக ஏறிக்கொண்டிருந்தது.

"யாரைக் கேட்டு என் காட்டுக்குள்ள வந்தீங்க?" என்றாள் நாச்சாள்.

முன்னால் போன எறும்பு நின்றது. "உங்க ஊட்டுல மாடு கட்டறீங்களே ஆத்தா, யாரைக் கேட்டுக் கட்டறீங்க? இது எங்க மாடு. நாங்க தட்டுனா இனிப்பாச் சுரக்குது. நீங்க கறக்கற பாலுக்கு நாங்க பங்கு கேட்டமா?"

"உம்பட மாடு என் செடியைத் திங்குதே!"

"திங்காம எப்படிக் கறக்கும்?" என்று சொல்லிவிட்டு எறும்பு தன் வழியே ஏறிப் போனது.

நாச்சாள் வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். அப்போது அவள் முழங்கையில் சின்னதாக ஒரு வண்டு வந்து இறங்கியது. மஞ்சாடி விதை போல முதுகு முழுக்க ஒரே சிவப்பு. அந்த நாளில் அதற்குச் செவ்வண்டு என்றுதான் பெயர்.

"அழுகாத அக்கா. எனக்கு அசுவினின்னா உசுரு. என் பிள்ளைகளுக்கு என்னைவிடப் பசி அதிகம். உன் செடியில நான் முட்டை வெச்சுக்கறேன். பிள்ளைக காட்டைத் துடைச்சு வெச்சிருவாங்க."

"எறும்பு விடுமா?"

"விரட்டும். ஒரு செடியில விரட்டுனா அடுத்த செடி. எறும்புக்குக் கோபம் பெருசு, கால் சின்னது" என்று வண்டு சிரித்தது. "ஒன்னே ஒன்னு மட்டும் நீ செய்யணும். நான் பௌர்ணமி கழிச்சு வர்றேன். அதுவரைக்கும் இந்தக் காட்டுல எதையும் தெளிக்காத. சாம்பல்கூட வேண்டாம்."

நாச்சாள் வாக்குக் கொடுத்தாள். கொடுத்த பிறகு ஒரு கேள்வி தோன்றியது. "பிள்ளைகளை நான் எப்படி அடையாளம் கண்டுக்கறது?"

வண்டுக்கு அந்தக் கேள்வியே வேடிக்கையாக இருந்தது. "என் பிள்ளைக என்னை மாதிரி இருக்காம வேற யாரு மாதிரி இருக்கும்?" என்றது. இலைக்கு அடியில் மஞ்சள் நிறத்தில், அரிசியை நட்டு வைத்தாற்போல ஒரு கொத்து முட்டையிட்டது. இப்படியே பல செடிகளில் இட்டுவிட்டு, மீதி முட்டையை இட அடுத்த ஊர்ப் பக்கம் பறந்து போனது.

நாச்சாள் தினமும் சிவப்புக் குஞ்சைத் தேடினாள். முட்டைகள் பொரிந்து ஓடு மட்டும் வெள்ளையாக ஒட்டியிருந்தது. குஞ்சைக் காணோம். அதற்குப் பதிலாகச் செடியெங்கும் வேறொன்று திரிந்தது. கறுப்பு உடம்பு, பக்கவாட்டில் ஆரஞ்சுத் திட்டு, மேலெல்லாம் முள், ஆறு கால், நுனியை நோக்கிச் சிறுத்துப் போகும் வால். முதலையை எறும்பளவுக்குச் சுருக்கியது போல இருந்தது.

"யாரு நீ?" என்று கேட்டாள். அது பதில் சொல்லவில்லை. வாயில் எதையோ மென்றுகொண்டு விறுவிறுவென்று இலையின் சுருளுக்குள் நுழைந்துவிட்டது.

செம்மலை வந்து பார்த்தான். "ஒரு திருடன் பத்தாதுன்னு ரெண்டாவது திருடனும் வந்துட்டான் அண்ணி. உங்க செவப்புக்காரி முட்டையை இவனுகதான் தின்னிருக்கணும். பாருங்க மூஞ்சிய. இது நல்லது செய்யற மூஞ்சியா?"

"பௌர்ணமி வரைக்கும் பொறுக்கச் சொல்லிருக்கு."

"பௌர்ணமிக்கு வந்து கூளத்தைப் பார்த்துட்டுப் போகும். நாளைக்கு ஊர் கேட்டா வண்டு சொல்லுச்சுன்னு சொல்லுவீங்களா?"

அவள் இன்னும் சில நாள் பொறுத்தாள். பிறகு ஒரு காலையில் அந்த முள்ளுடம்புகளில் பல, இலைக்கு இலை வாலை ஒட்டிக்கொண்டு அசையாமல் தொங்குவதைக் கண்டாள். அவை உண்டு கொழுத்து உறங்குவதாக அவளுக்குத் தோன்றியது. அத்தோடு அவள் பொறுமை அறுந்தது.

செம்மலை எட்டிக்காயை இடித்து, கடுக்காய்த் தோலும் போட்டு, இரும்புச் சட்டியில் காய்ச்சினான். கசாயம் மை போலக் கறுத்தது. முதலில் அவன் களி கிண்டும் சட்டியைத்தான் எடுத்தான். "கழுவிக்கலாம் அண்ணி" என்றான். "அதுல கிண்டுன களியை மொதல்ல நீதான் திங்கணும்" என்று நாச்சாள் சொன்ன பிறகு அதை வைத்துவிட்டு, பரணில் கிடந்த காது உடைந்த சட்டியைத் தேடி எடுத்து வந்தான்.

தெளிக்கவும் அவன்தான் முன்வந்தான். நாச்சாள் கொடுக்கவில்லை. "வாக்குக் கொடுத்தது நான். முறிக்கறதும் என் கையாலயே ஆகட்டும்" என்று வேப்பங்கொத்தைக் கசாயத்தில் முக்கி, கிழக்கு ஓரத்தில் தொடங்கி மேற்கே நடந்தாள். ஆடிக் காற்று மேற்கிலிருந்து அடித்துக்கொண்டிருந்தது. உதறிய கசாயத்தில் பாதி செடியில் விழுந்தது. மீதி அவள் முகத்துக்கே திரும்பி வந்தது. முக்கால் காடு தாண்டியதும் கண் எரிச்சல் தாங்க முடியவில்லை. நாக்கு கசந்தது, தலை சுற்றியது. சட்டியைக் கீழே போட்டுவிட்டாள்.

செம்மலை அவளைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய்க் கண்ணில் தண்ணீரை விட்டான். நிறுத்தாமல் விட்டான். "காத்து எந்தப் பக்கம்னு பார்க்க வேண்டாமா அண்ணி? முதுகை அதுக்குக் காட்டியிருக்கணும். நானும் மரம் மாதிரி நின்னுட்டேன்" என்று புலம்பிக்கொண்டே விட்டான்.

பொழுது சாயும் நேரத்தில் பார்வை தெளிந்தது. நாச்சாள் காட்டுக்குப் போனாள். செடிகளின் கீழே முள்ளுடம்புகள் சிதறிக் கிடந்தன. ஒன்றைக் கையில் எடுத்தாள். அதன் வாயில் பாதி தின்ற அசுவினி இருந்தது.

பக்கத்துச் செடியின் இலையை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பொறுமையாகத் திருப்பிப் பிடித்து, பார்த்தபடியே நின்றாள். உறங்குவதாக அவள் நினைத்த முள்ளுடம்புகளில் ஒன்று கூடாகித் தொங்கிக்கொண்டிருந்தது; அது அசைந்தது. முதுகில் கீறல் விழுந்தது. உள்ளேயிருந்து ஈரமாக, மிருதுவாக, வெளிர்மஞ்சளாக ஒரு வண்டு வெளியே வந்தது. கொஞ்ச நேரத்தில் அதன் முதுகில் சிவப்பு ஏறத் தொடங்கியது.

"ஐயோ, பிள்ளை" என்றாள் நாச்சாள்.

இலை நுனியில் கசாயத் துளி ஒன்று அதன் பக்கமாக உருண்டு வந்தது. அவள் யோசிக்கவில்லை. இரண்டு விரலால் வண்டைத் தூக்கி, கசாயம் படாத மேற்குப் பக்கச் செடிக்கு எடுத்துக்கொண்டு ஓடினாள். திரும்பி வந்து அடுத்ததைத் தேடினாள். இப்படி இருட்டும் வரை, பிழைத்த ஒவ்வொன்றையும் அந்தக் கால்பங்குக் காட்டுக்குக் கொண்டுபோய் விட்டாள். அவள் விரல்களில் கசாயக் கறுப்பு ஊறிப்போயிருந்தது. வண்டுகளின் முதுகு இன்னும் இறுகவில்லை. விரல் பட்ட இடமெல்லாம் கறுப்பு ஒட்டிக்கொண்டது. சிலவற்றுக்கு ஆறு புள்ளி, சிலவற்றுக்கு ஏழு. துடைத்துப் பார்த்தாள், போகவில்லை.

பௌர்ணமி கழித்துத் தாய்வண்டு வந்தது. காடு முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, அவள் முழங்கையில் வந்து உட்கார்ந்தது.

"என்னை என்ன வேணா சொல்லு" என்றாள் நாச்சாள்.

"குத்தத்துல பாதி என்னோடது அக்கா. என்னை மாதிரி இருக்கும்னு நான்தானே சொன்னேன்? கூட்டுக்குள்ள தூங்கி எந்திரிச்சா, அதுக்கு முன்னால எப்படி இருந்தோம்னு எங்களுக்கு நெனப்பே இருக்கறதில்ல. எனக்கே தெரியாததை உனக்குச் சொல்லிட்டேன்."

"மீதிப் பாதி?"

"நான் சொன்னதை நம்புன. எறும்பு சொன்னதைக் கேட்ட. கொழுந்தன் சொன்னதையும் கேட்ட. கண்ணு முன்னால ஒருத்தன் அசுவினியை மென்னுட்டு நிக்கறான், அவன் வாயை மட்டும் பார்க்கல." வண்டு இறக்கையை விரித்தது. "இனிமே நாங்க யாரும் பேச மாட்டோம். பேச்சால வந்தது போதும். நீ பார்த்துத் தெரிஞ்சுக்க."

பூச்சி மனிதரோடு பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

கசாயம் பட்ட முக்கால் காட்டில், சுருண்ட இலைக்குள் ஒளிந்திருந்த அசுவினி ஒரு வாரத்தில் மறுபடி பெருகிவிட்டது. தின்ன ஆள் இல்லாததால் அந்தச் செடிகள் கருகின. மேற்குப் பக்கக் கால்பங்கு மட்டும் பிழைத்து, காய்த்து, வெடித்தது. அதன் பஞ்சு யாருக்கும் வேட்டி ஆகவில்லை. விதை மட்டும் அதே கலயத்தைச் சரியாக நிரப்பியது. நாச்சாள் அதை ஊர் முன்னால் வைத்து, நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னாள்.

அடுத்த வருஷமும் விதையை அவளிடமே கொடுத்தார்கள். அவள் பருத்தியைச் சுற்றி வரப்போரம் தட்டைப்பயறு ஊன்றினாள். தட்டைப்பயற்றில் அசுவினி முதலில் வந்து அப்பியது. அவள் அதைத் தொடவில்லை.

"அசுவினிக்குப் பந்தி வெக்கறயா நாச்சா?" என்று ஊரார் கேலி பேசினார்கள்.

"அசுவினிக்கு இல்ல, அதைத் திங்க வர்றவங்களுக்கு" என்றாள் அவள். கேட்டவர்களில் சிலர் வரப்பில் குனிந்து இலையைத் திருப்பினார்கள். கறுப்பாக, முள்ளாக ஒன்று மென்றுகொண்டிருந்தது.

அன்று முதல்தான் பருத்திக் காட்டு ஓரத்தில் தட்டைப்பயறு நிற்கிறது. செவ்வண்டு புள்ளி விழுந்து பொறிவண்டு ஆனதும், அதன் பிள்ளைகளெல்லாம் முதுகில் விரல் தடத்தோடு வளர்வதும் அன்று முதல்தான். இன்றைக்கும் நாம் விரலால் தொட்டால் அது காலை மடக்கிச் செத்தது போலக் கிடக்கும். கால் முட்டியில் மஞ்சளாக ஒரு கசப்புத் துளி கசியும். எவ்வளவு கேட்டாலும் பதில் சொல்லாது. கையை எடுத்துக்கொண்டு சற்றுத் தள்ளி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தால், காலை நீட்டி எழுந்து தன் வேலையைப் பார்க்கப் போகும்.