ஜாக்கியில் ஏறிய சக்கரம்

குரு என்றால் தாடி இருக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. கிணத்துக்கடவுப் பக்கம் ஒரு தகரக் கொட்டகையில், கையெல்லாம் கிரீஸோடு நின்ற இந்தக் குருவுக்கு முப்பது வயதுதான். பெயர் தமயந்தி. மண் பாதைப் பந்தயங்களில் கார் ஓட்டுபவர். மற்றவர்களுக்குச் சொல்லியும் கொடுப்பார்.

சீடர் சென்னியப்பன் அவரைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் 'மாஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார். அருமையான ஓட்டுநர். பயத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிற ஆள்.

அவருக்கு ஒரே ஒரு கஷ்டம். பின் சக்கரங்களுக்கு நடுவில் இருக்கிற டிஃபரன்ஷியல் பெட்டியை உடைத்துக்கொண்டே இருந்தார். இன்னொன்று உடைந்தால் வேறு ஓட்டுநரைப் பார்த்துக்கொள்வதாகக் காரின் முதலாளி சொல்லிவிட்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமை பந்தயம். கைவசம் இருந்த கடைசிப் பெட்டியை இன்று காலையில்தான் காரில் மாட்டியிருந்தார்கள்.

கழற்றிய பழைய பெட்டி மேஜைமேல் கிடந்தது. சென்னியப்பன் அதன் பல்சக்கரத்திலிருந்து உடைந்த பல் ஒன்றை எடுத்துப் பார்த்தார்.

"ஏனுங்க மாஸ்டர், நீங்களும் இதே சாமானத்தப் போட்டுத்தான ஓட்டறீங்க? உங்களுக்கு ஏன் உடையறதில்லீங்க? எனக்கு வர்றது மட்டும் மட்டமான இரும்புங்களா?"

தமயந்தி பெட்டிக்குள் இருந்த குட்டிப் பல்சக்கரங்களைத் துணியால் துடைத்தார்.

"இதுக என்ன வேல பண்ணுதுன்னு தெரியுமாங்ணா?"

"தெரியாமயா? கார் திரும்பறப்ப வெளிச்சக்கரம் அதிகமா ஓடோணும், உள்சக்கரம் கம்மியா ஓடோணும். ரெண்டுக்கும் சண்ட வராமப் பாத்துக்குதுங்க."

"எத்தன பெரிய வேல! கையளவுதான் இருக்குதுங்ணா."

அவர் குரலில் நிஜமான மரியாதை இருந்தது. இந்தக் கதையைச் சொல்கிற எனக்கும் உண்டு. இரண்டு பேருக்கு நடுவில் நின்று யாருக்கும் நோகாமல் நடந்துகொள்வது மனிதர்களுக்கே வராத வித்தை.

"கார்ல ஏறுங்ணா" என்றார் தமயந்தி.

ஏறினார். தமயந்தி முன் சக்கரங்களுக்குக் கல் வைத்து, பின் சக்கரங்களில் ஒன்றை மட்டும் ஜாக்கி போட்டுத் தரையிலிருந்து தூக்கினார்.

"கியர் போட்டு மிதிங்க."

இன்ஜின் அலறியது. தூக்கிய சக்கரம் கண்மண் தெரியாமல் சுற்றியது. கார் இருந்த இடத்திலேயே இருந்தது.

"வேகம் எவ்வளவு காட்டுது?"

"அறுபதுங்க!"

"எந்த ஊரு வந்துச்சு?"

சென்னியப்பன் சிரித்துவிட்டார். "கொட்டாய்லயேதான் இருக்கறனுங்க!"

"இன்னும் மிதிங்க. இந்தச் சத்தத்த எங்கயாச்சும் கேட்டிருக்கீங்களா?"

"மேட்டு வளைவுலீங்க! உள்சக்கரம் அந்தரத்துல எந்திரிக்குமில்ல, அப்ப கேக்கும்!" அவர் கத்திச் சொன்னார். முகம் மலர்ந்திருந்தது. "அதக் கேட்டா எனக்கு ஒடம்பே சிலிர்க்குமுங்க மாஸ்டர்! இன்னும் மிதிடா மிதிடான்னு இருக்கும்!"

தமயந்தி ஜாக்கிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். ஒரு காலைத் தூக்கினார்.

"ஜாக்கியத் தட்டி உட்டறட்டுமா?"

கேள்வி முடிவதற்குள் சென்னியப்பனின் கால் பெடலைவிட்டு எழும்பிவிட்டது. கியரை நியூட்ரலுக்குத் தள்ளினார். இன்ஜின் அடங்கியது. அவருக்கு முகமெல்லாம் வியர்வை.

"என்னுங்க மாஸ்டர் இது! இத்தன வேகத்துல சுத்தற சக்கரம் தரையில உழுந்தா என்ன ஆகும்? உள்ள ஒரு பல்லு மிஞ்சுமுங்களா? கடைசிப் பெட்டிங்க!"

தமயந்தி காலைக் கீழே வைத்தார். அது ஜாக்கியைத் தொட்டிருக்கவே இல்லை.

"கரெக்ட்டா காலை எடுத்துட்டீங்க. வளைவுல மட்டும் ஏனுங்ணா எடுக்கறதில்ல?"

சென்னியப்பன் பக்கக் கண்ணாடியில், அந்தரத்தில் இருந்த சக்கரம் சுற்றி ஓய்ந்து நிற்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.