நிறம் காயும்வரை காத்திராத தட்டான்

அந்தக் காலத்தில், பூச்சிகளெல்லாம் வாயாடிக்கொண்டு திரிந்தபோது, அவற்றுக்கு நிறமும் கிடையாது, பார்வையும் கிடையாது. பூக்களுக்கும் நிறம் இல்லை. மலையடிவாரப் பாறையில் மாராயி என்பவள் அத்தனையையும் படமாக எழுதி வந்தாள். படத்தில் எந்த நிறம் பூசுகிறாளோ அதுவே அவற்றுக்கு வாய்க்கும். கண்ணை மட்டும் கடைசியில்தான் எழுதித் திறப்பாள்; அப்போதுதான் பார்வை வரும். கண் திறந்த படத்தில் மறுபடி தூரிகை வைக்கக் கூடாது என்பது அவள் குலத்துக் கட்டுப்பாடு.

ஆவாரைக்கு மஞ்சள் பூசியாயிற்று. பொன்வண்டுக்குப் பச்சை ஏறிவிட்டது. பட்டாம்பூச்சி பண்ணிய அலட்டல் இருக்கிறதே, அப்பப்பா, பொட்டு வைக்கவே அரைநாள் போயிற்று. மிச்சம் தட்டானின் இறக்கைதான். அதைப் பூசிவிட்டால் கண் திறக்க வேண்டியதுதான். தட்டானுக்கென்றே நல்ல நீலமாகக் குழைத்து வைத்திருந்தாள்.

"அக்கா, முதல்ல கண்ணைத் திறந்து விடுங்க" என்றது தட்டான்.

"இறக்கைக்கு நிறம் வேண்டாமாடா? பூசிக் காய நாளைக்கு ஆயிடும், அதுவரைக்கும் பொறு."

"நாளைக்குக் குளம் இருக்காதுக்கா. வெயில்ல வத்திக்கிட்டே வருதுன்னு கொக்கு சொல்லிட்டுப் போச்சு. நான் அந்தத் தண்ணிக்குள்ளதான் வளர்ந்தேன். ஒரு தடவைகூட அதைக் கண்ணால பார்த்ததில்ல."

கட்டிக்கொடுத்த ஊரிலிருந்து மாராயி கிளம்பிப் போய்ச் சேர்வதற்குள், பிறந்த வீட்டை ஆற்று வெள்ளம் கொண்டுபோயிருந்தது. வாசலில் அம்மா தண்ணீர் தெளிக்கும் சத்தம் இன்னும் அவள் காதில் இருக்கிறது. வாசலைத்தான் காணவில்லை.

"அப்புறம் நிறம் கேட்டு வந்து நிக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

"வரமாட்டேன்க்கா."

சின்னதாய்த் திறக்க அவளுக்கு மனம் வரவில்லை. குளம் முழுவதும் ஒரே பார்வையில் தெரியட்டும் என்று தலையை அடைக்கும்படி இரண்டு கண் எழுதினாள். தட்டான் நன்றிகூடச் சொல்லவில்லை, பறந்துவிட்டது.

குளத்தின் நடுவில் கொஞ்சமே கொஞ்சம் தண்ணீர் மிஞ்சியிருந்தது. தட்டான் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது. கண்ணை நம்பாமல் வாலால் தொட்டது. சில்லென்றிருந்தது. மறுபடி தொட்டது. பாறையருகே நின்று பார்த்த மாராயி அழுதாள். குழைத்த நீலத்தை மண்ணில் ஊற்றிவிட்டுத் தூரிகையைத் துடைத்தாள்.

அன்று முதல்தான் தட்டானுக்குத் தலை நிறையக் கண்ணும், நிறமில்லாத இறக்கையும். இன்றைக்கும் அது எந்தக் குளத்தைக் கண்டாலும், தண்ணீர் இன்னும் இருக்கிறதா என்று வாலால் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறது.