பிணக்கிழங்கைக் கட்டிய கயிறு

சேற்றுக்குள் யாரோ மூச்சுவிடும் சத்தம் கேட்கிறது என்று சொன்னால் ஊரில் சிரிப்பார்கள். அதனால் சடையாண்டி சொல்லவில்லை. கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார்.

சதுப்பில் நின்ற பிணக்கிழங்குச் செடிக்கு அவர்தான் காவல். அந்தப் பக்கத்தில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். பூ விரிந்தால் செத்த உடம்பின் நாற்றம் அடிக்கும். விடியற்காலைப் பனியில் தொட்டால், மொட்டு காய்ச்சல்காரன் நெற்றிபோலச் சுடும். யாரும் கிட்டே போவதில்லை. சடையாண்டி போவார். அவருடைய அண்ணன் முத்தழகு கோரை அறுக்கப் போய்ப் புதைந்த இடம் அது.

சதுப்பில் இறங்குகிறவனின் இடுப்பில், கரையில் நிற்கிறவன்தான் கயிறு கட்ட வேண்டும். கோரை அறுப்பவர்களின் வழக்கம் அப்படி. அன்றைக்குக் கட்டியவர் சடையாண்டி. அண்ணன் மார்பளவு இறங்கியதும் இழுத்தார். இழுக்க இழுக்க அவர் காலும் சேற்றுக்குள் சறுக்கியது. திடீரென்று கயிறு லேசாகிவிட்டது. வந்தது வெறுங்கயிறு. எங்கும் அறுபடவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. சதுப்போரக் குடிசையில் இருந்த சாமியாரம்மா சிவனாயியிடம் சீடராக வந்து சேர்ந்தார். குருவுக்கு அவரைவிடப் பதினைந்து வயது குறைவு. ஊராரின் கேலிப் பேச்சை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

செடியின் கழுத்தில், சேற்று மட்டத்தில், வருஷத்துக்கு ஒரு வெள்ளை நூல் கட்டச் சொல்லியிருந்தாள் சிவனாயி. போன வருஷத்து நூல் இரண்டு விரல் கீழே போயிருந்தது. அதற்கு முந்தைய நூல் கைக்கே அகப்படவில்லை.

சடையாண்டிக்கு ஒன்றுதான் தோன்றியது. உள்ளேயிருந்து யாரோ செடியை இழுக்கிறார்கள். யாரென்றும் அவருக்குத் தெரியும். பழைய கயிற்றை எடுத்துவந்து செடியைக் கட்டி, மறுமுனையைக் கரையில் நின்ற புங்கமரத்தில் கட்டினார்.

மழைக்காலம் முழுக்கக் கயிறு விறைத்து நின்றது. கை வைத்தால் மெல்ல ஒரு இழுப்பு தெரிந்தது. தை மாதம் மொட்டு வந்தது. வந்த வேகத்தில் கறுக்கத் தொடங்கியது.

“தாயே, செடி சாகுது.”

சிவனாயி சேற்றின்மேல் போட்டிருந்த பலகையில் நடந்து வந்து குனிந்து பார்த்தாள்.

“ஏன் கட்டினீங்க?”

“அண்ணன் கீழ இழுக்கிறான். எம்மேல அவனுக்குக் கோவம்.”

அவள் அவர் கையைப் பிடித்துச் செடியின் ஓரமாகச் சேற்றுக்குள் விட்டாள். உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. தடித்துச் சுருங்கிய ஏதோ விரலில் தட்டியது. கையை வெடுக்கென்று உருவப் பார்த்தார். அவள் விடவில்லை.

“வேர்தான். சுருங்கிச் சுருங்கித் தன்னைத்தானே கீழ இழுத்துக்கும். இறங்கினாத்தான் கோடையைத் தாண்டும்.”

அவர் கையைச் சேற்றோடு மடியில் வைத்துக்கொண்டார்.

“அண்ணனுக்கு என்ன கோவம்?” என்றாள் சிவனாயி.

மூன்று வருஷமாக யாரிடமும் சொல்லாததை அப்போதுதான் சொன்னார்.

“நான் போட்ட முடிச்சு சரியில்ல, தாயே. அவிழ்ந்துபோச்சு.”

“இது என்ன முடிச்சு?”

“அதே முடிச்சுதான். என் கைக்கு வேற தெரியாது.”

“கயிறு?”

“அதே கயிறு.”

“எத்தனை மாசமா இழுக்குது?”

“நாலு மாசம்.”

“அவிழ்ந்துச்சா?”

சடையாண்டி முடிச்சைப் பார்த்தார். தண்டுக்குள் புதையும் அளவுக்கு இறுகியிருந்தது. இழுக்க இழுக்க இறுகுகிற முடிச்சு அது. கட்டுப்பட்டவன் தன் பக்கத்து நுனியைச் சுண்டினால் மட்டும் விட்டுவிடும். அந்த நுனி இலையின்மேல் சும்மா கிடந்தது.

“அப்போ... அன்னைக்கு... என் காலும் சறுக்கினதைப் பார்த்து...”

சிவனாயி எழுந்து நின்றாள்.

“உங்க அண்ணனுக்குக் கை இருந்துச்சு. இந்தச் செடிக்கு இல்ல. நீங்கதான் அவிழ்க்கணும்.”